தாய்லாந்தில் சம்பளம், சேலத்தில் வாடகை: வரிக் கணக்கை எப்படி முடிப்பது?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் தொழில் பழகி, பாங்காக் நகை நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அஸ்தம்பட்டியில் அவருக்கு வாடகைக்கு விட்ட வீடும், ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டமும் உண்டு. இவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது கடவுச்சீட்டு. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையிலான ஆண்டில் 180 நாட்களோ அதற்கு மேலோ தாய்லாந்தில் தங்கியிருந்தால், விசா எந்த வகையாக இருந்தாலும், வரிக் கணக்கில் அவர் அந்நாட்டுக் குடியிருப்பாளர். அதற்குக் குறைந்தால் அங்கே ஈட்டியதற்கு மட்டுமே அங்கே வரி. ஆடித் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வந்துபோன நாட்களை முத்திரை பார்த்து எண்ணிக்கொள்வது நல்லது. நினைவை நம்பி எண்ணியவர்கள் பலர் தவறியிருக்கிறார்கள்.

சம்பளக் கணக்கு எளிது. மாதம் 60,000 பாட் வாங்குபவருக்கு ஆண்டு வருமானம் 7,20,000 பாட். இதில் செலவுக் கழிவாகச் சம்பளத்தில் பாதி, ஆனால் அதிகபட்சம் 1,00,000 பாட், கழியும். தனிநபர் கழிவு 60,000 பாட். வருமானமில்லாத மனைவிக்கு இன்னொரு 60,000 பாட். எஞ்சும் 5,00,000 பாட்டில் முதல் 1,50,000-க்கு வரி இல்லை, அடுத்த 1,50,000-க்கு 5 சதவீதம், அதற்கடுத்த 2,00,000-க்கு 10 சதவீதம் என்று மொத்தம் 27,500 பாட் வரும். அதற்கு மேல் படிப்படியாக உயர்ந்து, 50 லட்சம் பாட்டைத் தாண்டிய பகுதிக்கு 35 சதவீதம் ஆகிறது. நிறுவனம் மாதாமாதம் பிடித்த வரிக்கான சான்றிதழை வாங்கிக்கொண்டு, சம்பளம் மட்டுமே உள்ளவர் பி.என்.டி. 91 படிவத்தையும், வேறு வருமானமும் உள்ளவர் பி.என்.டி. 90 படிவத்தையும் அடுத்த ஆண்டு மார்ச் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

சிக்கல் ஊர்ப் பணத்தில்தான். வெளிநாட்டு வருமானத்தை ஈட்டிய ஆண்டிலேயே தாய்லாந்துக்குள் கொண்டுவந்தால்தான் வரி என்றிருந்த பழைய நடைமுறை 2024 ஜனவரி 1 முதல் மாறிவிட்டது. குடியிருப்பாளராக இருந்த ஆண்டில் ஈட்டியதை, அதற்குப் பிறகு எந்த ஆண்டில் கொண்டுவந்தாலும், கொண்டுவரும் ஆண்டில் வரி உண்டு. 2024-க்கு முன் ஈட்டியதற்கு இது பொருந்தாது. ஆகவே பழைய சேமிப்பையும் புதிய வாடகையையும் ஒரே வங்கிக் கணக்கில் கலக்க விடாதீர்கள். 2023 டிசம்பர் 31 அன்றைய இருப்பைக் காட்டும் வங்கி அறிக்கையை இப்போதே எடுத்து வையுங்கள். கலந்துவிட்ட பணத்தில் எது பழையது என்று நிறுவும் பாடு உங்களுடையதே.

இங்கே வரி இல்லாதது அங்கேயும் இல்லை என்று நினைப்பது நான் அடிக்கடி காணும் தவறு. வெளிநாட்டில் ஈட்டிய பணத்தை வெளிநாடுவாழ் இந்தியர் இங்குள்ள வங்கியில் போட்டுவைக்கும் என்.ஆர்.இ. வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. பறித்த பழத்தை அப்படியே விற்ற காப்பித் தோட்ட வருமானத்துக்கும் இல்லை. ஆனால் அந்தப் பணம் பாங்காக் போய்ச் சேர்ந்தால், அங்கே வரிக்கு உள்ளாகலாம். இங்கே வரி கட்டாததால் கழித்துக்கொள்ளவும் ஒன்றுமிருக்காது. அஸ்தம்பட்டி வாடகை அப்படியல்ல. இங்கே கட்டிய வரியை, 2015-இல் கையெழுத்தான இந்திய–தாய்லாந்து இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி, அங்கே கட்ட வேண்டியதில் உரிய அளவுக்குக் கழிக்கலாம். வீட்டுக்காரர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் குடியிருப்பவர் வாடகையில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது சேலத்தில் பல குடியிருப்பவர்களுக்குத் தெரியாது. வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே சொல்லிவிடுங்கள். அப்படிப் பிடித்த தொகை முழுவதையும் அங்கே கழிக்க முடியாது. ரிட்டன் தாக்கல் செய்து, ரீஃபண்ட் போக இறுதியாக நின்ற வரியே கணக்கில் சேரும்.

நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் ஒரே ஆண்டின் தாய்லாந்துக் கணக்குக்கு இரண்டு இந்திய ரிட்டன்களைப் புரட்ட வேண்டியிருக்கும். வாடகையையும் பிடித்த வரியையும் மாதவாரியாக ஒரு நோட்டில் குறித்து வருவதே இதற்கு வழி.

தாய்லாந்தில் வரி கட்டத் தாமதித்தால் பாக்கி வரிக்கு மாதம் 1.5 சதவீதம் கூடுதலாக ஏறும். வரி 3,000 பாட்டோ அதற்கு மேலோ இருந்து, ஒரேயடியாகக் கட்ட முடியாவிட்டால், உரிய காலத்தில் தாக்கல் செய்து மூன்று தவணைகளாகக் கட்டலாம்.