‘இல்லை’ என்று சொன்னதையும் எழுதி வையுங்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் குடும்பம் மருந்து மொத்தக் கடை நடத்துகிறது. நான் பார்மசி படித்தவள். கொள்முதலும் ஸ்டாக்கும் என் பொறுப்பு. கடைக்காரர்கள் ஆர்டர் போடும் ஆப்பையும் அதன் சர்வரையும் தம்பி பார்க்கிறான். அம்பாசமுத்திரம், களக்காடு, நாங்குநேரி, வள்ளியூர் என்று நான்கு லைனுக்கு வண்டி போகிறது. சர்வீஸ் லெவல் (கேட்டதில் எத்தனை சதவீதம் கேட்டபடி கிடைத்தது என்ற கணக்கு) என்றால் என்ன என்று நாங்கள் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாகத் தவறு செய்த பிறகுதான் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். இரண்டு பேருடையதும் ஒரே கணக்கு என்று அப்போதுதான் புரிந்தது.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன். ஒரு மாதம் என் ரிப்போர்ட் 97 சதவீதம் காட்டியது. அதே மாதம் களக்காட்டு அண்ணாச்சி ஒருவர் போன் செய்து, “எம்மா, மூணு தடவை கேட்டுட்டேன், இன்சுலின் இல்லன்னே சொல்லுதீங்க. இங்க ஒரு சின்னப் புள்ளைக்கு வேணும்” என்றார். அந்த மூன்று தடவையும் ரிப்போர்ட்டில் இல்லை. பில்லிங் சாஃப்ட்வேருக்கு பில் போட்டதுதான் தெரியும். போனில் ‘இல்லையே’ என்று சொன்னதற்கு ஏது பில்? அதோடு நிற்கவும் இல்லை. ஸ்டாக் இல்லாத நாளில் விற்பனை பூஜ்யம். அதைப் பார்த்து ‘தேவை குறைவு’ என்று நினைத்து அடுத்த முறை குறைவாக ஆர்டர் போட்டேன். மறுபடியும் தீர்ந்தது. தவறு முழுக்க என்னுடையது. அன்றே போன் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்தேன்: தேதி, கடை, மருந்து, எத்தனை. இரண்டு மாதம் அதை எழுதி முடிக்கும்வரை எந்தச் சதவீதத்தையும் நம்பாதீர்கள்.

சர்வரிலும் இதே ஓட்டை உண்டு. வந்து சேர்ந்த ஆர்டர்தான் லாகில், அதாவது சர்வரின் பதிவேட்டில், பதிவாகும். இணைப்பே கிடைக்காமல் போனவருக்கு அதில் தடயம் இல்லை. அதனால் தம்பி ஒரு பழைய போனில் வேறு கம்பெனி சிம் போட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை ஆப்பைத் திறந்து பார்க்க வைத்திருக்கிறான். கடைக்காரர் நிற்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும்.

அடுத்தது, எதை எண்ணுவது என்ற முடிவு. ஒரு நாளில் 20 கடைகள் தலைக்குப் பத்து அயிட்டம் கேட்டால் மொத்தம் 200 அயிட்டம். அதில் 190 கொடுத்துவிட்டால் 95 சதவீதம். ஆனால் விட்டுப்போன பத்தும் பத்துக் கடைகளில் ஒவ்வொன்றாக இருந்தால், முழு ஆர்டரும் கிடைத்தது பாதிக் கடைகளுக்குத்தான். நாங்கள் இரண்டையும் எழுதுகிறோம். ஒன்றைத்தான் எழுத முடியும் என்றால் முழு ஆர்டர் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் அப்படித்தான் நம்மை எடைபோடுகிறார்.

எல்லா மருந்துக்கும் ஒரே இலக்கு வைக்காதீர்கள். பணமதிப்பை வைத்துப் பிரிப்பதும் தவறு. வலிப்பு மாத்திரை விலை குறைவுதான், ஒரு நாள் விட்டுப்போனால் ஆபத்து. பார்மசியில் வி.இ.டி. என்று சொல்லிக்கொடுப்பார்கள்: உயிர் காப்பது, அவசியமானது, இருந்தால் நல்லது. இன்சுலின், வலிப்பு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலருக்கு 99 வைத்திருக்கிறேன். வேறு கம்பெனி மருந்து கொடுத்துச் சமாளிக்க முடிந்தவற்றுக்கு 95. புரோட்டீன் பவுடர், பேபி சோப்புக்கு 90 போதும். எல்லாவற்றுக்கும் 99 வைத்தால் எக்ஸ்பைரி அலமாரிதான் நிரம்பும்.

இலக்கை ஸ்டாக்காக மாற்றுவது எப்படி? ஒரு உதாரணம். நாளுக்குச் சராசரி 12 குப்பி போகிறது, ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் (நாளுக்கு நாள் விற்பனை சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) 4, டெப்போவிலிருந்து சரக்கு வர 4 நாள். நான்கு நாளுக்கான விலக்கம் 4-ஐ நான்கின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 8. இதைப் புள்ளியியல் அட்டவணையில் உள்ளபடி 90 சதவீதத்துக்கு 1.28-ஆலும், 95-க்கு 1.65-ஆலும், 99-க்கு 2.33-ஆலும், 99.9-க்கு 3.09-ஆலும் பெருக்குங்கள். பாதுகாப்பு ஸ்டாக், அதாவது சராசரி விற்பனைக்கு மேல் கையில் வைக்கும் உபரி, முறையே 11, 14, 19, 25 குப்பி. 99 வேண்டுமென்றால், கையில் நான்கு நாள் விற்பனை 48-ம் பாதுகாப்பு ஸ்டாக் 19-ம் சேர்த்து 67 இருக்கும்போதே ஆர்டர் போட வேண்டும். இங்கே 99 என்பது நூறு முறை சரக்கு வரவழைத்தால் ஒரு முறை, அது வருவதற்குள் தீர்ந்துபோகலாம் என்று அர்த்தம். மாதம் இரண்டு மூன்று போகிற மருந்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதற்கு ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கையை நீங்களே முடிவு செய்து வையுங்கள்.

நான் ரொம்ப நாள் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. நான்கு நாள் என்பது சில சமயம் மூன்று, சில சமயம் ஐந்து. வந்து சேரும் காலத்துக்கும் ஒரு நாள் விலக்கம் உண்டு என்று வைத்தால், விலக்கம் 8 அல்ல: 8-இன் வர்க்கம் 64-ஐயும், ஒரு நாள் விற்பனை 12-இன் வர்க்கம் 144-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 14.4. பாதுகாப்பு ஸ்டாக் 19-லிருந்து 34 ஆகிறது! ஆர்டர் போடும் அளவு 82. அந்தப் பதினைந்து குப்பி, லாரி நேரத்துக்கு வராததற்காக நாம் முடக்கும் பணம். எனவே டெப்போவில் ‘சீக்கிரம் அனுப்புங்கள்’ என்று கேட்பதைவிட ‘சொன்ன கிழமையில் அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் ஃபிரிட்ஜில் இடம் கிடைத்தது.

சர்வர் பக்கம் வருவோம். முப்பது நாளில் 99 சதவீதம் என்றால் 7 மணி 12 நிமிடம் நின்றுபோகலாம், 99.9 என்றால் 43 நிமிடம், 99.99 என்றால் நாலரை நிமிடம்கூட இல்லை. ஆனால் எங்கள் அண்ணாச்சிமார் ஆர்டர் போடுவது கடையடைத்த பிறகு, இரவு 9 முதல் 11 வரை. அதிகாலை 3 மணிக்கு ஒரு மணி நேரம் நின்றதும் இரவு 10 மணிக்கு ஒரு மணி நேரம் நின்றதும் ஒன்றாகுமா? அதனால் நேரத்தை விட்டுவிட்டு ஆர்டர் முயற்சிகளை எண்ணுங்கள். மாதம் 6,000 முயற்சி, இலக்கு 99.5 என்றால் 30 தோல்வி வரை அனுமதி. அந்த முப்பதுதான் தம்பியின் கைச்செலவு. இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிட்டால் மாதம் முடியும்வரை புதிய வெர்ஷன் கிடையாது. பழுது பார்க்கிற வேலை மட்டும். மிச்சமிருந்தால் தைரியமாகப் புதியது போடலாம். என் எக்ஸ்பைரி அலமாரி மாதிரிதான் இதுவும்: அந்த முப்பது செலவாகாமலே இருந்தால் தேவைக்கு மேல் பயந்துகொண்டிருக்கிறோம் என்று பொருள்.

ஆப்பின் வேகத்தில் சராசரியைப் பார்க்காதீர்கள். சராசரி ஒரு நொடி என்று வரும். இருபதில் ஒருவர் பத்து நொடி காத்திருப்பார். நூற்றில் 95 பேருக்கு எத்தனை நொடிக்குள் முடிகிறது என்று பாருங்கள்.

அப்புறம் சங்கிலி. சர்வர் 99.5, இணைய இணைப்பு 99, பணம் செலுத்தும் வழி 99.5 என்றால் மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது 98 சதவீதம்தான். இடையில் இன்னொரு கண்ணி சேர்த்தால் இன்னும் இறங்கும். மாற்று வழி வைத்தால்தான் ஏறும். எங்கள் மாற்று வழி தொலைபேசியும் அந்த நோட்டும்தான். பணம் கட்டும் வழி நின்றாலும் ஆர்டர் போகட்டும், பணம் பிறகு வரட்டும் என்று தம்பி அதைப் பிரித்துவைத்தான். கடைக்காரரிடம் சொல்லும் எண்ணைவிட உள்ளே கொஞ்சம் கூடுதலாக வைத்து நடத்துங்கள். வாக்கு தவறுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் நோட்டையும் தோல்விப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்போம். சதவீதத்தைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். மீதி நேரம் முழுக்க, எந்தக் கடை இரண்டு முறை ஏமாந்தது என்று பார்ப்பதற்கு.

இந்தக் கணக்கு எதுவும் 2023 டிசம்பர் 17, 18 மாதிரியான நாட்களுக்கு அல்ல. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. மின்சாரமும் போன் சிக்னலும் பல இடங்களில் போயின. அதனால் அக்டோபர் பிறந்ததும் 99 பட்டியலுக்கு மட்டும் நான்கு நாளை ஏழு நாளாக்கிக் கணக்குப் போடுகிறேன்: அதே உதாரணத்தில் ஏழு நாள் விற்பனை 84-ம், லாரியின் ஒரு நாள் விலக்கத்தையும் சேர்த்த பாதுகாப்பு ஸ்டாக் 38-ம் சேர்த்து 122 குப்பி. இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதால் ஜெனரேட்டருக்கு டீசல் முன்கூட்டியே வாங்கிவைப்போம். ஒவ்வொரு லைனிலும் நல்ல ஃபிரிட்ஜ் உள்ள ஒரு கடையில் ஒரு பெட்டி கூடுதலாக இறக்கிவிடுவோம். தம்பி எல்லாக் கடைகளின் போன் நம்பரையும் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, நோட்டின் பின்னட்டையில் ஒட்டிவைப்பான்.