‘ஐ லவ் லூசி’க்கு நடிகர்கள் கிடைத்த கதை: சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

‘ஐ லவ் லூசி’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் எதெல் மெர்ட்ஸாக நடித்த விவியன் வான்ஸின் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்ததாம். கதாநாயகி லூசில் பாலை விட அவர் எப்போதும் இருபது பவுண்டு கூடுதல் எடையோடு இருக்க வேண்டுமாம், இளைத்தால் வேலை போய்விடுமாம். இதை நானே நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது, அப்படி ஒரு ஷரத்தே கிடையாது. லூசில் பால் விளையாட்டுக்கு ஒரு போலி ஒப்பந்தம் எழுதி வான்ஸிடம் கொடுத்தார். நண்பர்களுக்குள் நடந்த அந்தக் கேலி காலப்போக்கில் சட்ட ஆவணமாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டது.

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1951 அக்டோபர் 15 அன்று தொடங்கி 1957 வரை ஓடிய இந்தத் தொடரைப் பற்றி எழுதுபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளில் மிகச் சுவையானது இதுதான். மற்றவை இவ்வளவு சிரிப்பு மூட்டாது, ஆனால் கதையை இதைவிட அதிகமாகக் கெடுக்கும். முடிவு நமக்குத் தெரியும் என்பதால், அது முதலிலிருந்தே அப்படித்தான் திட்டமிடப்பட்டது என்று எழுதிவிடுகிறோம்.

நால்வரும் சேர்ந்தே வந்தார்கள் என்று நினைப்பது

லூசி, அவள் கணவன் ரிக்கி, பக்கத்து வீட்டு ஃப்ரெட் மெர்ட்ஸ், அவர் மனைவி எதெல் என்று நால்வரையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் தொடர் தொடங்கும் முன் சோதனையாக 1951 மார்ச்சில் எடுத்த மாதிரிப் படத்தில் ஃப்ரெடும் இல்லை, எதெலும் இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பதி என்ற யோசனையே பிறகு வந்ததுதான். ஜூலை 17 அன்று லூசில் பாலுக்கு முதல் குழந்தை பிறந்தது. செப்டம்பர் 8 அன்று முதல் பகுதியின் படப்பிடிப்பு. எதெல் யார் என்பது இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில்தான் முடிவானது. ‘காலத்தால் அழியாத கூட்டணி’ என்று எழுதும்போது, அந்தக் கூட்டணி சேர்ந்து சில வாரங்களிலேயே கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் நல்லது.

கணவன் ரிக்கி வேடத்துக்கு டெசி ஆர்னாஸை வேறு யாரோ கண்டுபிடித்தது போல எழுதுவது

இது பெரிய தவறு, கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். 1948 முதல் லூசில் பால் சிபிஎஸ் வானொலியில் ‘மை ஃபேவரிட் ஹஸ்பெண்ட்’ என்ற நகைச்சுவைத் தொடரில் நடித்துக்கொண்டிருந்தார். அதில் கணவனாகப் பேசியவர் ரிச்சர்ட் டென்னிங். அதையே தொலைக்காட்சிக்குக் கொண்டுவர சிபிஎஸ் ஆசைப்பட்டது. லூசில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: கணவனாக என் கணவர் டெசிதான் நடிக்க வேண்டும்.

சிபிஎஸ்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. டெசி கியூபாவில் பிறந்தவர், இசைக்குழு நடத்துபவர், அவர் பேசும் ஆங்கிலத்தில் ஸ்பானிய வாடை தூக்கலாக அடிக்கும். இவரை ஓர் அமெரிக்கப் பெண்ணின் கணவர் என்று காட்டினால் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். இதைச் சொன்னபோது அந்த இருவருக்கும் நிஜத்திலேயே கல்யாணம் ஆகிக் கிட்டத்தட்டப் பத்து வருடம் ஆகியிருந்தது!

வாதாடிப் பயனில்லை என்று 1950 கோடையில் தம்பதி இருவரும் மேடை நிகழ்ச்சியோடு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். டெசி மேடையில் தன் இசைக்குழுவோடு பாடிக்கொண்டிருப்பார். தொளதொளத்த ஆண்பிள்ளைக் கோட்டும் நசுங்கிய தொப்பியுமாக லூசில் உள்ளே நுழைந்து, எனக்கும் வாத்தியக்காரர் வேலை வேண்டும் என்று நிற்பார். கையில் ஒரு செல்லோ. அதன் வயிற்றுக்குள்ளிருந்து உட்காரும் முக்காலி, கழிவறை அடைப்பெடுக்கும் ரப்பர் பம்பு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். பெப்பிட்டோ என்ற ஸ்பானியக் கோமாளி அவர்களுக்குத் தயார் செய்துகொடுத்த வித்தை அது. ஊர் ஊராகக் கூட்டம் கைதட்டியது. மார்ச்சில் எடுத்த மாதிரிப் படத்தில் அதே செல்லோ இருக்கிறது, நவம்பரில் ஒளிபரப்பான ஒரு பகுதியிலும் இருக்கிறது. ஆக, டெசிக்கு ஆடிஷன் வைத்தவர்கள் டிக்கெட் வாங்கி வந்த ஜனங்கள்தான்.

இதைச் சொல்லாமல், காதலுக்காகக் கணவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள் மனைவி என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் உண்டு. காதல் இல்லாமல் இல்லை. சுற்றுப்பயணத்திலேயே காலத்தைக் கழித்த கணவனை ஒரே ஊரில் இருத்த வேண்டும் என்ற கவலையும் லூசிலுக்கு இருந்தது. ஆனால் சிபிஎஸ்காரர்கள் இறங்கி வந்தது காதலைப் பார்த்து அல்ல.

வேடம் கை நழுவியவர்களைப் பார்த்து ‘உச்’ கொட்டுவது

மெர்ட்ஸ் தம்பதிக்கு லூசில் மனத்தில் முதலில் இருந்தவர்கள் கேல் கார்டனும் பீ பெனடெரெட்டும். வானொலித் தொடரில் அவரோடு நடித்த ஜோடி. இங்கேதான் ‘பொன்னான வாய்ப்பைத் தவறவிட்டவர்கள்’ என்ற வழக்கமான தலைப்பு வந்து குந்திக்கொள்ளும். அவர்கள் எதையும் தவறவிடவில்லை. பெனடெரெட் ஏற்கெனவே பர்ன்ஸ் ஆலன் தம்பதியின் தொடரில் இருந்தார். கார்டன் ‘அவர் மிஸ் புரூக்ஸ்’ தொடரில் பள்ளி முதல்வராகக் கையெழுத்துப் போட்டிருந்தார். வேறு வேலை இருந்தது, அவ்வளவுதான். சிட்காம்களில் நடிகர் தேர்வு என்பது பாதிக்குப் பாதி தேதி விவகாரம்.

அத்தோடு அவர்கள் கதை முடியவும் இல்லை. பெனடெரெட் 1952 ஜனவரியில் இதே தொடரில் ஒரு பகுதிக்கு வந்து போனார், பின்னாளில் ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ கார்ட்டூனில் பெட்டிக்குக் குரல் கொடுத்தார். கார்டன் இதே தொடரில் ரிக்கியின் முதலாளியாகத் தலைகாட்டினார். 1960களில் தொடங்கி லூசிலின் அடுத்தடுத்த தொடர்களிலும் இருந்தார், 1986இல் வந்த கடைசித் தொடர் வரைக்கும்.

திரையில் தெரியும் வயதை நிஜ வயதாக எடுத்துக்கொள்வது

ஃப்ரெட் ஆனவர் வில்லியம் ஃப்ராலி. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த பழைய கை. 64 வயது, கையில் வேலை அதிகம் இல்லை. யாரும் அவரைத் தேடிப் போகவில்லை. அவரே லூசிலுக்குப் போன் போட்டு, உங்கள் புதுத் தொடரில் எனக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். குடிகாரர், நம்ப முடியாது என்று சிபிஎஸ் தரப்பில் எச்சரித்தார்கள். டெசி அதை மறைத்து வைக்காமல் நேராக ஃப்ராலியிடமே சொன்னார். குடியால் படப்பிடிப்பு கெட்டால் உங்கள் வேடத்தைத் தூக்கிவிடுவேன், இதற்குச் சம்மதமா என்று கேட்டார். ஃப்ராலி சம்மதித்தார், கடைசி வரை சொன்ன சொல்லையும் காப்பாற்றினார்.

எதெலுக்கு ஆள் கிடைத்த விதம் வேறு. இயக்குநர் மார்க் டேனியல்ஸுக்கு விவியன் வான்ஸை நாடக மேடையிலிருந்தே தெரியும். கலிபோர்னியாவில் லா ஹோயா என்ற ஊரில் அவர் நடித்துக்கொண்டிருந்த நாடகத்துக்கு டெசியையும் தயாரிப்பாளர் ஜெஸ் ஓப்பன்ஹைமரையும் அழைத்துப் போனார். நாடகம் பார்த்த கையோடு டெசி முடிவு செய்துவிட்டார். லூசில் உடன் வரவில்லை, வீட்டில் கைக்குழந்தை. முக்கியமான தோழி வேடத்துக்கு ஆள் முடிவானபோது கதாநாயகி அந்த இடத்திலேயே இல்லை என்பதைப் பலரும் எழுதுவதில்லை. எதெல் என்றால் வயதான, அழுக்கு அங்கி போட்ட ஓர் அம்மாள் என்று லூசில் கற்பனை செய்து வைத்திருந்ததால், வான்ஸைப் பார்த்ததும் அவருக்கு முதலில் தயக்கமாகவே இருந்தது.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. வான்ஸ் பிறந்தது 1909இல், லூசில் 1911இல். வெறும் இரண்டு வயது வித்தியாசம். ஃப்ராலியோ 1887. தன்னைவிட 22 வயது பெரியவருக்குப் பெண்டாட்டியாக நடிக்க வேண்டியிருக்கிறதே, அப்பாவாக நடிக்கலாம் அவர் என்று வான்ஸ் புலம்பியது ஃப்ராலியின் காதில் விழுந்துவிட்டது. அதிலிருந்து இருவருக்கும் ஆகவே ஆகாது. திரையில் அந்தத் தம்பதி முறைத்துக்கொள்ளும்போது நாம் சிரித்தோமே, அதில் நடிப்பு எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். தொடர் முடிந்த பிறகு இருவரையும் வைத்துத் தனித்தொடர் எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. ஃப்ராலி சரி என்றார், வான்ஸ் முடியவே முடியாது என்றுவிட்டார். நடிகர்களுக்குள் ஒத்துப்போனால்தான் தொடர் ஓடும் என்று பாடம் எடுப்பவர்களுக்கு இந்த ஜோடி பெரிய தொல்லை. துணை நடிகைக்கென்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது வைத்தபோது அதை முதலில் வாங்கியவரும் இதே வான்ஸ்தான், 1954 தொடக்கத்தில்.

குழந்தை விஷயத்தில் குழம்புவது

தொடரில் லூசி, ரிக்கியின் மகனான குட்டி ரிக்கியாக நடித்தது லூசிலின் சொந்த மகன் என்று இன்றும் பலர் அடித்துச் சொல்வார்கள். குழப்பம் வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. 1953 ஜனவரி 19, திங்கட்கிழமை. காலையில் லூசிலுக்கு மகன் டெசி ஜூனியர் பிறந்தான், அன்று இரவே திரையில் லூசிக்கும் மகன் பிறந்தான். சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். ஏப்ரலில் ‘டிவி கைடு’ பத்திரிகை தேசிய அளவில் வந்தபோது முதல் அட்டையில் இருந்தது நிஜக் குழந்தையின் படம். பார்த்தவர்கள் இரண்டு குழந்தைகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

திரையில் வளர்ந்தது வேறு பிள்ளைகள். கைக்குழந்தைப் பருவத்துக்கு இரட்டையர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். 1956இல் கீத் திபடோ வந்தான், ஐந்து வயதுப் பையன், அந்த வயதிலேயே டிரம்ஸ் வாசித்துச் சம்பாதித்தவன். இசைக்குழு நடத்தும் ரிக்கியின் மகனுக்கு அதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்? நடிப்புக்காக ரிச்சர்ட் கீத் என்று பெயர் வைத்தார்கள். அவனும் டெசி ஜூனியரும் நிஜத்தில் விளையாட்டுத் தோழர்கள்.

சொந்த மகன் அந்தத் தொடரில் வரவே இல்லையா என்றால், வந்தான். 1957 மே மாதம் ஒளிபரப்பான கடைசி அரை மணி நேரப் பகுதியில் ஒரு சிலைத் திறப்பு விழாக் காட்சி இருக்கிறது. வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்குள் 1951 ஜூலையில் பிறந்த நிஜ அக்கா லூசியோடு நிற்கிறான்.