கத்துகிற கடனுக்கு முதல் பணம்: வேலை போன மாதங்களில் செய்யக் கூடாதவை

பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ வேலை போன வீட்டில் மாத முதல் வாரம் எப்படிப் போகும் என்று தெரிந்ததுதான். காலையில் கிரெடிட் கார்டு ஆள் அழைப்பார், மதியம் கடன் செயலிக்காரர். வீட்டுக்கடன் கொடுத்த வங்கி மட்டும் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும். கையிருப்பு யாருக்குப் போகிறது? கத்துகிறவருக்கு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன. கார்டுக் கடனுக்கு ஈடு இல்லை, அதனால் கத்துகிறார்கள். வீட்டுக்கடன் வங்கியிடம் பத்திரம் இருக்கிறது, அது நாட்களை மட்டும் எண்ணினால் போதும்.

அந்த எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது அடுத்த தவறு. தவணை 90 நாளைத் தாண்டி நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன். 90-க்குள் இருக்கும்போது பழைய தவணை ஒன்றைக் கட்டினாலும் அது மூத்த நிலுவையில் கழிந்து, நாள் கணக்கு பின்னுக்கு வரும். மூன்று தவணை பாக்கி வைத்தவர் ஒன்றையாவது புரட்டிக் கட்டினால் ஒரு மாத மூச்சு கிடைக்கும். தாண்டிவிட்டால் அந்த வழி அடைபடும்: 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியபடி, அசலும் வட்டியுமாக நிலுவை முழுவதையும் தீர்த்தால்தான் கணக்கு பழையபடி ஆகும். 85-ஆம் நாள் ஒரு தவணையான 43,000 ரூபாய் செய்யும் வேலையை 95-ஆம் நாள் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தாலும் செய்ய முடியாமல் போகலாம்.

வேலை போனதும் கிடைக்கும் இழப்பீட்டுத் தொகையை அப்படியே வீட்டுக்கடனில் போடுவது நல்ல பிள்ளைத்தனமாகத் தெரியும். பெரும்பாலான கடன்களில் போட்ட பணம் திரும்பி வராது. 2 லட்சம் பகுதி அசல் கட்டினாலும் அடுத்த மாதத் தவணை வழக்கம்போல வந்து நிற்கும். ஆறு மாதத் தவணையையும் வீட்டுச் செலவையும் தனியே ஒதுக்கிய பிறகு மிஞ்சினால் மட்டும் அசலில் போடுங்கள். ஒதுக்கும் பணத்தை, கார்டு பாக்கி வைத்திருக்கும் அதே வங்கியின் சேமிப்புக் கணக்கில் வைக்காதீர்கள். அந்தப் பாக்கிக்காக வங்கி கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடும். அப்புறம் வீட்டுத் தவணை பவுன்ஸ் ஆகும். தானியங்கித் தவணை பணமில்லாமல் திரும்புவதற்கும், காசோலை திரும்புவதைப் போலவே, 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்குக்கு இடம் உண்டு.

‘மினிமம் ட்யூ (கார்டு பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகை) கட்டிவிட்டேன், கார்டு ஓகே’ என்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. பாக்கி 1 லட்சம், வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வையுங்கள். வட்டி 3,500, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630. நீங்கள் 5,000 கட்டினால் அசலில் குறைவது 870 ரூபாய்தான். போதாததற்கு, முழுப் பாக்கியைக் கட்டாதவரை புதிதாகத் தேய்க்கும் பால் பாக்கெட்டுக்கும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். கார்டை முதலில் பயன்பாட்டிலிருந்து எடுங்கள், பிறகு அடைக்கும் வழி.

அடைக்க இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று வீட்டுக்கடனில் டாப்-அப், அதாவது அதே வீட்டின் மேல் கூடுதல் கடன். வட்டி வெகுவாகக் குறையும், ஆனால் ஈடில்லாத கடனை வீட்டின் தலையில் ஏற்றுகிறீர்கள். சம்பளம் வரும்போது செய்யலாம், நின்ற பிறகு செய்யக் கூடாது. இன்னொன்று நகை. அடகு வைப்பது கௌரவக் குறைச்சல் என்று ஆண்டுக்கு 42 சதவீதம் கார்டு வட்டி கட்டுவதில் என்ன கௌரவமோ! வங்கி நகைக்கடன் வட்டி அதில் ஒரு சிறு பங்குதான். போனாலும் நகையோடு போகும், வீடு நிற்கும். சிவாஜிநகர் பக்கத்து மீட்டர் வட்டியும் வார வட்டியும் இந்தக் கணக்கிலேயே வரக் கூடாது. அநியாய வட்டிக்கு எதிராகக் கர்நாடகத்தில் 2004 முதலே சட்டம் இருக்கிறது, ஆனால் வாங்கிய பிறகு சட்டத்தைத் தேடி ஓடுவது தனி அவதி.

பாதித் தொகையில் ‘செட்டில்மெண்ட்’ என்று தொலைபேசியில் சொன்னால் பணம் அனுப்பிவிடாதீர்கள். தொகை, கடைசித் தேதி, கடன் எண் மூன்றும் உள்ள கடிதம் வங்கியின் பெயரில் முதலில் வர வேண்டும். அப்படி முடித்தால் உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதியும், அடுத்த கடனுக்குப் போகும்போது அதுவே முட்டுக்கட்டை. வசூல் ஆட்கள் காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

வீட்டுக்கடன் கிளைக்கு முதல் தவணை தவறுவதற்கு முன்பே போக வேண்டும். கால் சென்டர் போதாது. பணிவிடுவிப்புக் கடிதம், ஆறு மாத வங்கி ஸ்டேட்மெண்ட், எவ்வளவு கட்ட முடியும் என்று எழுதிய ஒரு பக்கம் கையில் இருக்கட்டும். அவர்கள் காலத்தை நீட்டித் தரலாம், ஆனால் விலையைத் தெரிந்து கையெழுத்திடுங்கள். 50 லட்சம், 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் தவணை 43,391. ஐந்து ஆண்டு கட்டியபின்னும் அசல் 44.06 லட்சம் நிற்கும். மீதி 15 ஆண்டை மறுபடி 20 ஆக்கினால் தவணை சுமார் 38,240. மாதம் 5,150 மிச்சம், மொத்தத்தில் 13.67 லட்சம் கூடுதல். வேலை கிடைத்த மாதமே தவணையைப் பழையபடி ஏற்றிவிட்டால் இதில் பெரும்பகுதி தப்பும். ஆறு மாதம் எதுவுமே கட்டாமல் இருக்க விட்டால், ஏறும் வட்டி மட்டும் சுமார் 1.9 லட்சம். நீட்டிப்பு கடன் மறுசீரமைப்பாகப் பதியுமா என்றும் எழுத்தில் கேளுங்கள். பதிந்தால் இணைக் கடன்தாரரான மனைவியின் அறிக்கையிலும் அந்தக் கறை இருக்கும்.

ஈடு வைத்த வீட்டை வங்கி எடுக்க வழிசெய்யும் சர்பாசி சட்டத்தில் தபாலில் வரும் நோட்டீஸைப் பிரிக்காமல் பீரோவில் வைப்பவர்கள் நிறைய. அதன் 13(2) பிரிவு நோட்டீஸ் பாக்கியைக் கட்ட 60 நாள் தருகிறது. ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். சுவாதீன நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயம் போகலாம். முழுப் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். அந்தச் சட்டத்தின் 2016 திருத்தத்தை 2023-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் படித்தது. ஏலத்தன்று பணத்தோடு ஓடிப் பயனில்லை.

இந்த நெருக்கடியில் பெங்களூரில் வழக்கமான ஒரு குறுக்குவழி, வீட்டைப் போக்கியத்துக்கு விட்டுப் பெருந்தொகை வாங்குவது. நோட்டீஸ் வந்தபின் வங்கியின் எழுத்து சம்மதமில்லாமல் வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ சட்டம் இடம் தராது. வங்கி வீட்டை எடுத்தால் குடியிருப்பவரின் பணமும் உங்கள் தலையில்தான். விற்றுத் தீர்ப்பதுதான் முடிவு என்றால் வாராக்கடன் ஆவதற்கு முன்பே விலை பேசுங்கள். ஓசூரில் சும்மா கிடக்கும் மனை இருந்தால் அதை முதலில். வங்கியிடம் கடன் முடிப்புத் தொகைக் கடிதமும், அங்கே இருக்கும் பத்திரங்களின் பட்டியலும் கேளுங்கள். பெங்களூர் வீடானால் இ-காத்தா (மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு) இல்லாமல் பத்திரப் பதிவு நடக்காது, கிளைக்குப் போகிற அதே வாரத்தில் அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.