பைபர் வள்ளத்தில் போட்ட ஒட்டு கழராமலிருக்க

கழன்று விழுந்த பழைய ஒட்டை எறிய முன் அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். வழுவழுப்பாக ரெசின் (நாரை ஊறவைத்து இறுக்கும் பிசின்) மட்டும் தெரிந்தால், அது வள்ளத்தின் ஓட்டில், அதாவது சுவரில், பிடிக்கவே இல்லை. நார் கிழிந்து வெள்ளையாக நின்றால் பிடிப்பு சரி, மேட்டின் (கண்ணாடி நார் விரிப்பின்) தடிப்புத்தான் போதவில்லை. முதலாவது கோளாறுக்கு எத்தனை மேட் கூட்டி வைத்தாலும் பயனில்லை.

புது வள்ளம் கட்டும்போது முந்திய அடுக்கு முழுதாய் இறுக முன்பே அடுத்தது விழுவதால் இரண்டும் வேதிமுறையில் பிணைகின்றன. பல வருடம் இறுகிய பொலியெஸ்டர் ரெசினில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. சொரசொரப்பும் பரப்பும்தான் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். வாடைக் காலத்தில் இதற்கே நாட்கணக்காகும். அவசரப்பட்டால் ஈரம் உள்ளே அடைபடும். பிறகு அசிட்டோனால் எண்ணெய், மெழுகைத் துடைத்துவிட்டே கிரைண்டரைப் பிடியுங்கள். துடைக்காமல் தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும். 40ஆம் இலக்கத் தாளால், பளபளப்பு முழுதும் போகும்வரை தேய்க்க வேண்டும். முகமூடி கட்டாயம்.

ஓட்டையின் விளிம்பைச் சரிவாகத் தேயுங்கள். சரிவின் அகலம் ஓட்டின் தடிப்பைப்போல் 12 மடங்கு: 5 மி.மீ. ஓட்டுக்கு ஓட்டையைச் சுற்றி 60 மி.மீ. செங்குத்தாக வெட்டிய விளிம்பில் சுமையெல்லாம் ஒரே கோட்டில் விழும், ஒட்டு அங்கேதான் கிளம்பத் தொடங்கும்.

450 கிராம் மேட் (ஒரு சதுர மீட்டரின் எடை) ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தரும், ஆக ஐந்து அடுக்கு. பெரிய துண்டை முதலில் வையுங்கள், தேய்த்த பரப்பு முழுதையும் அது தொடும். ரெசின், மேட்டின் எடையில் இரண்டு முதல் இரண்டரை மடங்கு. திருகோணமலை வெயிலுக்கு ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் 10 கிராம் போதும். இறுகலை விரைவாக்கும் கோபால்ட்டைத் தனியாகச் சேர்ப்பவர்கள் அதை முதலில் ரெசினில் கலந்துவிட வேண்டும். ஹார்ட்னரோடு நேரே கலந்தால் வெடிக்கும். மூன்று அடுக்கு வைத்துச் சூடு தணிந்தபின் மிச்சத்தை வையுங்கள். கச்சான் காற்று மணலைக் கொண்டுவந்து போடும் நேரத்தில் மறைப்புக் கட்டாமல் தொடங்காதீர்கள்.

மெழுகு சேர்த்த ரெசினைக் கடைசிப் பூச்சுக்கு மட்டும் வையுங்கள். இடையில் பூசினால் மெழுகு மேலே மிதந்து அடுத்த அடுக்கைத் தடுக்கும்.

பிடிப்பு இன்னும் வேண்டுமென்றால் பொலியெஸ்டருக்குப் பதில் எபொக்சி ரெசின். ஆனால் சாதாரண மேட்டின் நாரைச் சேர்த்து வைத்திருக்கும் பசை அதில் கரையாது, நெய்த துணிதான் சரி. எபொக்சி ஒட்டின் மேல் பொலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது என்பதையும் தொடங்க முன்பே யோசியுங்கள்.

இறுகியபின் குற்றிக் காசால் தட்டுங்கள். மொத்தையாக ஒலிக்கும் இடத்தில் காற்று இருக்கிறது. அதை அரைத்தெடுத்து மறுபடி வையுங்கள்.