ஏ9 வீதியில் ஸ்டியரிங் அதிர்கிறதா? லேன் அசிஸ்டை அமைத்துக்கொள்ளும் முறை

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதித் தடை நீங்கிய பின்னர், ஜப்பானில் ஓடிய றீகண்டிஷன் கார்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மீண்டும் வந்து சேர்கின்றன. அவற்றுள் பலவற்றில் லேன் அசிஸ்ட் இருக்கிறது: கமராவால் வீதிக் கோடுகளைப் பார்த்து, சிக்னல் போடாமல் கார் கோட்டை நெருங்கினால் ஸ்டியரிங்கை அதிரவைத்தோ ஒலியெழுப்பியோ எச்சரிக்கும், சில கார்களில் ஸ்டியரிங்கைத் தானே திருப்பவும் செய்யும் வசதி அது. கைநூல்தான் ஜப்பானிய மொழியில் இருக்கும். அப்படி ஒரு காரை வாங்கித் தடுமாறி, பின்னர் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறியுங்கள். நான் வீண் செலவு செய்தது இந்த இடத்தில்தான். ஓமந்தையைத் தாண்டியதும் ஸ்டியரிங் விர்ரென்று அதிர, ரயரில்தான் பிழை என்று முடிவுகட்டி, இரண்டு தடவை வீல் பலன்ஸ் செய்வித்தேன். கராஜில் இருந்தவர் ஈயக் கட்டிகளைக் கழற்றிக் கழற்றி ஒட்டினாரே தவிர, டாஷ்போர்டில் ஏதாவது விளக்கு எரிகிறதா என்று கேட்கவில்லை. எனக்கும் பார்க்கத் தோன்றவில்லை. சக்கரத்தின் சமநிலை பிழைத்திருந்தால், அதிர்வு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி, வீதியின் எந்தப் பக்கமாக ஓடினாலும் அந்த வேகம் குறையும் வரை தொடரும். எச்சரிக்கை அதிர்வோ, சட்டைப்பையில் கைத்தொலைபேசி அதிர்வதைப் போலச் சில கணங்கள் மட்டும் வந்து, கோட்டை விட்டு நடுவுக்குத் திரும்பியதும் அடங்கிவிடும்; கூடவே இரண்டு கோடுகளுக்கு நடுவே கார் நிற்கும் படம் டாஷ்போர்டில் ஒளிரும். முன்னும் பின்னும் வாகனம் இல்லாத நேரான பகுதியில், மணிக்கு 65 கிலோமீற்றர் அளவில் ஓடி, சிக்னல் போடாமல் இடது வெள்ளைக் கோட்டை மெல்ல அணுகிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 50 அல்லது 60இற்கு மேல்தான் இது விழித்துக்கொள்ளும் என்பதால், பட்டணத்துக்குள் சோதித்துப் பயனில்லை.

அடுத்து, முன்கண்ணாடியில் உள்கண்ணாடிக்குப் பின்னே இருக்கும் கமராவைக் கவனியுங்கள். கண்ணாடியின் மேல் விளிம்பில் 'முருகன் துணை' என்று ஒட்டும் பட்டை அதனை மறைக்கக்கூடாது. வைப்பர் எட்டாத மூலையில் படியும் செம்மண் தூசியைத் துடைத்துவிடுங்கள். முல்லைத்தீவிலிருந்து மாங்குளத்துக்கு மாலையில் திரும்பும்போது வெயில் நேரே கமராவில் விழுவதால், அது கோடுகளைத் தவறவிடுவது வழமை.

அமைப்புகளை மாற்றுவதற்குக் காரை நிறுத்தி, கைத்தொலைபேசியின் கமராவைத் திரைக்கு நேரே பிடித்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய மெனுவை விளக்கும் காணொளிகளைத் தேடுவதைவிட இதுவே விரைவானது. சில கார்களில் ஒலியா அதிர்வா என்று தெரிவு செய்யலாம். நான் அதிர்வையே விரும்புகிறேன். ஒலி கேட்டால் பின் ஆசனத்தில் இருக்கும் அம்மா ஒவ்வொரு முறையும் திடுக்கிடுகிறார்.

எச்சரிப்பது வேறு, ஸ்டியரிங்கைத் தானே திருப்புவது வேறு. அறுவடைக் காலத்தில் கனகராயன்குளப் பக்கம் வீதியோரத்தில் நெல் காயவிட்டிருந்தார்கள். படங்கின் நுனியில் கல் வைத்து, ஒரு முதியவர் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். அவருக்கு இடம்விட்டு வலப்புறம் விலகியபோது, கார் என்னை மெதுவாக அவர் பக்கமே இழுத்தது. அந்த இழுவை கையால் மீறக்கூடிய அளவுதான், ஆனாலும் நெஞ்சு பதைத்துவிட்டது. சிக்னல் போட்டிருந்தால் அது தலையிட்டிருக்காது: மாட்டுக்கும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கும் விலகும்போதுகூடச் சிக்னல் போடப் பழகிக்கொள்ளுங்கள். கோடு தேய்ந்த உள்வீதிகளில் நான் திருப்பும் உதவியை அணைத்து, எச்சரிக்கையை மட்டும் வைத்திருக்கிறேன்.

நேரான பகுதியில் கையை மிக இலேசாக வைத்திருந்தாலும் ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லி அறிவிப்பு வரும். பெரும்பாலான கார்கள் கை பட்டிருப்பதை அன்று, கை கொடுக்கும் சிறு விசையையே உணர்கின்றன.

பிற்சேர்க்கை: லொறியிலிருந்து தெறித்த கல்லால் உடைந்த முன்கண்ணாடியை மாற்றிய பின்னர், வீதியின் நடுவே ஓடும்போதும் அதிர்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கண்ணாடி மாற்றினால் கமராவை மீள அளவுதிருத்த வேண்டும். கண்ணாடி பூட்டும் கடைகள் எல்லாவற்றிலும் அதற்கான கருவி இருக்காது என்பதால், பழைய கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். அளவுதிருத்தும் வரை லேன் அசிஸ்டை அணைத்து வையுங்கள்.