வாஷிங்டனின் போர்க்காலக் கடிதங்களை இணை இணையாகப் படிப்பது எப்படி?

பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்கப் படைக்குத் தலைமை ஏற்றது 1775 ஜூனில். பொறுப்பைத் துறந்து ஊர் திரும்பியது 1783 டிசம்பரில். இந்த எட்டரை ஆண்டுகளில் அவர் பெயரில் புறப்பட்ட கடிதங்களை முதல் தேதியிலிருந்து வரிசையாகப் படிக்க உட்காருபவர், பெரும்பாலும் சில வாரங்களிலேயே சலித்து மூடிவைத்துவிடுவார். மாவு இல்லை, காலணி இல்லை, சம்பளம் பாக்கி, சிப்பாய்கள் ஓடிவிட்டார்கள் என்று அதே பல்லவி பக்கத்துக்குப் பக்கம் வரும். ஆகவே வரிசையை விட்டுவிடுங்கள். ஒரே வாரத்தில் அவர் அலுவல் முறையில் எழுதிய கடிதம் ஒன்றையும், வீட்டாருக்கு எழுதிய கடிதம் ஒன்றையும் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

இதற்கு எந்த நூலகத்தையும் தேடிப் போக வேண்டியதில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ள ஏறத்தாழ 77,000 வாஷிங்டன் ஆவணங்களின் படங்களை இணையத்தில் பார்க்கலாம். அச்செழுத்தில் படிக்க, அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளம் இலவசமாகக் கிடைக்கிறது. பெறுநர் பெயரையும் தேதியையும் கொடுத்தால் கடிதம் அடிக்குறிப்புகளோடு வந்துவிடும்.

முதல் இணையாக 1776 செப்டம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் நகரம் பிரிட்டிஷார் கைக்குப் போய்விட்டது. வாஷிங்டனின் படை ஹார்லெம் மேட்டில் ஒதுங்கியிருக்கிறது. 25ஆம் தேதி, அமெரிக்கர்களின் பேரவையான காங்கிரஸின் தலைவர் ஜான் ஹான்காக்குக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறார். தூக்கத்திற்கு ஒதுக்கிய நேரத்திலிருந்து சில கணங்களைக் கடன் வாங்கி எழுதுவதாகத் தொடங்கி, ஊர்ப்படையை நம்புவது முறிந்த கோலில் சாய்வதற்குச் சமம் என்றும், நிலையான படையும் அதிகாரிகளுக்குத் தக்க ஊதியமும் வேண்டும் என்றும் வழக்குரைஞரைப் போல வாதங்களை அடுக்கிக்கொண்டே போகிறார். கோபம் உண்டு, ஆனால் கட்டுக்குள் இருக்கிறது. ஐந்து நாள் கழித்து, தன் மவுண்ட் வெர்னன் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்த பங்காளி லண்ட் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. தன் எதிரிக்கு மிகக் கொடிய சாபம் ஒன்று இட வேண்டுமானால், தன் உணர்ச்சிகளோடு தன் இடத்தில் அவனை நிறுத்துவதே போதும் என்கிறார். அதே கடிதத்தில், புது அறையின் புகைபோக்கி அடுப்பு மிகச் சரியாக நடுவில் அமைய வேண்டும், கதவுகள் அதற்கு ஒத்து ஒரே சீராக இருக்க வேண்டும், வேலை கைதேர்ந்ததாக இருக்க வேண்டும் என்றும் உத்தரவு போடுகிறார்.

அந்த அடுப்பைப் படித்துச் சிரித்துவிட்டுத் தாண்டிப் போகக் கூடாது. சொன்ன சொல் சொன்னபடி நடக்கும் இடம் அவருக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் என்பது என் கணிப்பு. லாங் ஐலண்டில் தோற்பதற்கு எட்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 19 அன்று, இதே லண்டுக்கு வீட்டின் இரு பக்கமும் மரத்தோப்பு வைக்கச் சொல்லி எழுதியதையும் சேர்த்துப் பாருங்கள். மரங்களை வரிசைப்படுத்தாமல் நட வேண்டும் என்பது கட்டளை!

அடுத்துக் கவனிக்க வேண்டியது, கையெழுத்து யாருடையது என்பது. அலுவல் கடிதங்களில் பெரும்பகுதியை அலெக்சாண்டர் ஹாமில்டன், டென்ச் டில்மன், ராபர்ட் ஹேன்சன் ஹாரிசன் போன்ற உதவியாளர்களே வரைந்தார்கள். 1777 அக்டோபர் 6 அன்று, வழிதவறி வந்த பிரிட்டிஷ் தளபதி ஹவ்வின் நாயை வணக்கத்துடன் திருப்பி அனுப்பிய குறுங்கடிதத்தின் வரைவும் ஹாமில்டன் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு சொற்றொடர் அழகாக இருப்பதைக் கண்டவுடன் அதை வாஷிங்டன் கணக்கில் எழுதிவிடாமல், கடிதத்தின் கீழுள்ள குறிப்பில் அது அனுப்பிய பிரதியா, வரைவா, பின்னர் எடுத்த நகலா என்று பாருங்கள். அடித்தல் திருத்தல் தெரிவது வரைவில்தான். 1781 முதல் ரிச்சர்ட் வாரிக் மேற்பார்வையில் எழுத்தர்கள் எடுத்த 44 தொகுதி நகல்கள் தெளிவான கையெழுத்தில் இருப்பதால், அக்கால எழுத்துக்குக் கண்ணைப் பழக்க அவை ஏற்றவை. மனம் மாறிய தடம் அவற்றில் இராது.

தேதிக் குறிப்பில் 'இன்ஸ்டன்ட்' என்றால் நடப்பு மாதம், 'அல்டிமோ' என்றால் சென்ற மாதம். முடிவில் வரும் 'தங்கள் பணிவுள்ள ஊழியன்' என்ற வாசகத்தில் பணிவைத் தேட வேண்டாம். அது அக்கால வழக்கம். மேல்விலாசம் அப்படியல்ல. 1776 ஜூலையில் ஹவ் தரப்பிலிருந்து தளபதி என்ற பட்டமில்லாமல் வெறும் 'எஸ்கொயர்' என்று முகவரியிட்டு வந்த கடிதத்தை வாஷிங்டன் தரப்பு வாங்கவே மறுத்துவிட்டது. யார்க்டவுன் முற்றுகையில் சிக்கி, 1781 அக்டோபர் 17 அன்று 24 மணி நேரப் போர் ஓய்வு கேட்ட பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸுக்கு வாஷிங்டன் கொடுத்தது 2 மணி நேரம். நடை மட்டும் மரியாதை குறையவில்லை. (பதினொரு ஆண்டு கழித்துத் திப்புவிடமிருந்து பாராமகாலையும் திண்டுக்கல்லையும் கும்பினிக்கு எழுதி வாங்கிய கார்ன்வாலிஸ் இவரேதான்.)

பதிப்பு விஷயத்தில் ஏமாறுவது எளிது. வாஷிங்டன் எழுத்துகளை 1830களில் 12 தொகுதிகளாக வெளியிட்ட ஜாரெட் ஸ்பார்க்ஸ், தளபதியின் பேச்சுநடை கௌரவக் குறைவாக இருக்கிறதென்று பல இடங்களில் மாற்றிவிட்டார். மிக அற்பம் என்ற பொருளில் 'தெள்ளுப்பூச்சிக் கடி' என்று எழுதியிருந்தது 'நம் தேவைக்கு முற்றிலும் போதாது' ஆனது. பழைய நூலிலிருந்து மேற்கோள் எடுத்தால் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முழுப் போலிகளும் உண்டு. 1777இல் லண்டனில் வெளியான சில 'அந்தரங்கக் கடிதங்கள்' அவருடைய பணியாளர் பில்லி பிடிபட்டபோது கிடைத்தவை என்று சொல்லப்பட்டன. பில்லி பிடிபடவே இல்லை. 1797 மார்ச்சில் வாஷிங்டனே அவற்றைப் போலி என்று எழுதிப் பதிவு செய்தார்.

மனைவி மார்த்தாவுக்கு எழுதியவற்றில் இணை தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தங்களிடையே நடந்த கடிதங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அந்த அம்மையார் எரித்துவிட்டார். தப்பியவற்றில் 1775 ஜூன் 18 கடிதத்தைத் தவறவிடாதீர்கள்: இந்தப் பதவியைத் தவிர்க்க இயன்றதெல்லாம் செய்ததாகச் சொல்லிவிட்டு, எழுதிவைத்த உயிலையும் உடன் அனுப்புகிறார்.

கடைசி இணையை நீங்களே சேர்க்க வேண்டும். 1781 ஏப்ரல் 30 தேதியிட்ட கடிதத்தில், பொடோமக் ஆற்றில் வந்து நின்ற பிரிட்டிஷ் கப்பலுக்கு உணவுப்பொருள் கொடுத்த லண்டை வாஷிங்டன் கடிந்துகொள்கிறார். கொடுக்க மறுத்து அவர்கள் வீட்டைக் கொளுத்தியிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது என்கிறார். அந்தக் கப்பலேறித் தப்பிய 17 அடிமைகள் அக்கடிதத்தில் இழப்பாக மட்டுமே தலைகாட்டுகிறார்கள். ஒரு பெயர்கூட இல்லை. பெயர்கள் லண்ட் எழுதிய பட்டியலில் இருக்கின்றன. அதைத் தேடியெடுத்து, இந்தக் கடிதத்தின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.