ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பழைய டைகர் சாலைகளைத் திருத்துவது எப்படி?

அமெரிக்கக் கிராமப்புறம் ஒன்றை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் திறந்து, அடியில் வான்வழிப் படத்தை வைத்துப் பாருங்கள். சில சாலைகள் வீட்டுக் கூரை மேல் ஏறிப் போகும், சில குளத்துக்குள் இறங்கும். 2007, 2008 ஆண்டுகளில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பான சென்சஸ் பியூரோவின் 'டைகர்' சாலைத் தரவு கவுண்டி கவுண்டியாக (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) மொத்தமாக ஏற்றப்பட்டதன் மிச்சம் இது. ஏற்றியது 2005 பதிப்பு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக உருவான தரவு என்பதால், எந்தத் தெரு எந்தத் தெருவில் போய்ச் சேருகிறது என்பதுதான் அதில் முக்கியம். கோடு பல மீட்டர் தள்ளியிருந்தாலும் கணக்கெடுப்புக்குக் குறையில்லை. பிறகு பியூரோ, பிழையை 7.6 மீட்டருக்குள் கொண்டுவரும் இலக்கோடு தன் தரவைத் திருத்தியது. வரைபடத்தில் யாரும் தொடாத சாலைகள் மட்டும் பழைய இடத்திலேயே கிடக்கின்றன. புதிய டைகரைப் பார்த்து அவற்றைச் சரிசெய்யும் வழி இங்கே.

உரிமச் சிக்கல் இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் தரவு பொதுச்சொத்து. மாநிலம், கவுண்டி, நகராட்சி வெளியிடும் தரவுக்கு இது பொருந்தாது. அவற்றின் உரிமத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கூகுள் மேப்ஸைப் பார்த்து ஒரு பெயரைக்கூட எடுக்காதீர்கள்.

கருவி: கணினியில் நிறுவும் வரைபடத் திருத்தியான ஜேஓஎஸ்எம். உலாவியிலேயே திறக்கும் ஐடி எடிட்டர் ஒன்றிரண்டு தெருவுக்குப் போதும். ஐம்பது தெரு என்றால் வடிகட்டித் தேடவும் விசைகளால் வேகமாக வேலை செய்யவும் ஜேஓஎஸ்எம்தான் சரி.

1. தொடாத சாலைகளைத் தேடுதல்

இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலத்துக்கு மட்டும் தரவை இறக்குங்கள். ஜிபிஎஸ் தடங்களையும் (மற்றவர்கள் போன வழியை ஜிபிஎஸ் கருவி பதிந்த கோடுகள்) சேர்த்து இறக்குங்கள். கண்ட்ரோல்-எஃப் அழுத்தி, 'டைகர்:ரிவ்யூட்' என்ற டேக்கின் (சாலையோடு சேர்த்து வைக்கும் விவரக்குறி) மதிப்பு 'நோ', அதாவது இன்னும் யாரும் சரிபார்க்கவில்லை, என்று இருப்பவற்றைத் தேடுங்கள். டேக் பெயருக்குள் முக்காற்புள்ளி இருப்பதால் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். போடாவிட்டால் ஜேஓஎஸ்எம் வேறு பொருள் எடுத்துக்கொள்ளும், ஒன்றும் அகப்படாது. அதைப் பார்த்து 'இந்த ஊரில் எல்லாம் முடிந்துவிட்டது' என்று ஏமாந்துவிடாதீர்கள்.

2. பின்னணி

முதலில் பிங் அல்லது எஸ்ரி தரும் வான்வழிப் படம். அதன்மேல் 'டைகர் ரோட்ஸ்' அடுக்கு. பெயரோடு ஆண்டும் இருக்கும், புதியதை எடுங்கள். ஒரு சாலையையும் நகர்த்துவதற்கு முன் ஜிபிஎஸ் தடங்களோடு படம் பொருந்துகிறதா என்று பாருங்கள். மலைப்பகுதியில் படமே தள்ளியிருக்கும். ஒரே பாதையில் பல தடங்கள் சேர்ந்து ஓடும் இடத்தை வைத்துப் படத்தைச் சரிசெய்யுங்கள். ஒற்றைத் தடத்தை நம்ப வேண்டாம்.

3. இடமும் வகையும்

டபிள்யூ விசை, கோட்டைத் துல்லியமாக்கும் முறைக்குக் கொண்டுபோகும். சொடுக்கினால் அருகிலுள்ள புள்ளி அங்கே நகரும். கண்ட்ரோலோடு சொடுக்கினால் புதுப் புள்ளி, ஆல்ட்டோடு சொடுக்கினால் புள்ளி நீங்கும். படம் தெளிவாக இருந்தால் இடத்துக்குப் படத்தை நம்புங்கள், பெயருக்கு டைகரை. மரம் மூடிய இடத்தில் மட்டும் டைகர் கோட்டின் வழியே போங்கள்.

பழைய டைகரில் 'ஏ41' வகை என்று இருந்தவை எல்லாம் 'ஹைவே=ரெசிடென்ஷியல்' ஆகிவிட்டன. வயலுக்குள் போகும் வண்டித்தடமா, 'டிராக்' ஆக்குங்கள். ஒரே ஒரு வீட்டில் போய் முடிகிறதா, 'சர்வீஸ்', கூடவே 'டிரைவ்வே'. படத்தில் சுவடே இல்லையென்றால் அழிக்கலாம். சந்தேகம் இருந்தால் விட்டுவிட்டு ஒரு குறிப்பு போடுங்கள்.

4. பெயர்

புதிய டைகரில் பெயர்கள் சுருக்கமாக இருக்கும். வரைபடத்தில் ஆங்கிலத்தில் முழுதாக எழுத வேண்டும். 'எஸ்டி' பெயரின் கடைசியில் வந்தால் ஸ்ட்ரீட், முதலில் வந்தால் செயின்ட். 'டிஆர்' கடைசியில் வந்தால் டிரைவ். மார்ட்டின் லூதர் கிங் பெயருக்கு முன்னால் வந்தால் டாக்டர். 'அவென்யூ ஈ' என்பதில் 'ஈ' வெறும் எழுத்து. ஈஸ்ட் என்று விரித்தால் தெருப்பெயரே மாறிப்போகும்.

டைகரும் வரைபடமும் வெவ்வேறு பெயர் சொன்னால் கண்ட்ரோல்-எச் அழுத்தி அந்தச் சாலையின் வரலாற்றைப் பாருங்கள். யாராவது நேரில் போய்ப் பலகையைப் பார்த்து எழுதியிருந்தால் அதைத் தொடாதீர்கள்.

5. மேம்பாலம்: பலர் சறுக்கும் இடம்

இன்டர்ஸ்டேட்டுக்கு (மாநிலங்களை இணைக்கும் அமெரிக்க அதிவேக நெடுஞ்சாலை) மேலே ஓர் ஊர்ச்சாலை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றிய தரவில் பாலமே கிடையாது. இரண்டும் ஒரே புள்ளியில் குறுக்கே வெட்டிக்கொள்ளும். பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். வழிகாட்டும் செயலிக்கு அது நாற்சந்தி; பாலத்தின் நடுவில் 'இடப்பக்கம் திரும்பி நெடுஞ்சாலையில் ஏறுங்கள்' என்று சொல்லும். கோட்டை எவ்வளவு அழகாக நகர்த்தினாலும் இது தீராது.

அந்தப் புள்ளியைத் தேர்ந்து ஜி அழுத்துங்கள். ஒட்டியிருந்த புள்ளி இரண்டாகும், ஆனால் இரண்டும் அதே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். இங்கேதான் வேலை முடிந்ததாக நினைத்து விட்டுவிடுவார்கள். பிறகு ஜேஓஎஸ்எம்மின் பிழை தேடும் சரிபார்ப்பானை ஓட்டினால் 'இரட்டைப் புள்ளி' என்று காட்டும். 'ஃபிக்ஸ்' பொத்தானை அழுத்தினால் இரண்டையும் திரும்ப ஒட்டிவிடும், போன பிழை வந்துவிடும்.

அதனால் ஜி அழுத்திய கையோடு ஒரு புள்ளியைச் சற்றே இழுங்கள். எந்தச் சாலை கூட வருகிறதோ அதன் புள்ளி அது. ஊர்ச்சாலையினுடையது என்றால் அழித்துவிடலாம். நேராகப் போகும் பாலத்துக்கு நடுவில் புள்ளி தேவையில்லை. நெடுஞ்சாலையினுடையது என்றால் கண்ட்ரோல்-இசட் அழுத்தி மீட்டு, மற்றதை இழுங்கள். இன்டர்ஸ்டேட் போகவும் வரவும் இரண்டு கோடுகளாக இருந்தால் இரண்டு இடத்திலும் இதையே செய்யுங்கள். பிறகு பாலத்தின் இரு முனையிலும் புள்ளி வைத்து, பி (P) விசையால் வெட்டி, நடுத்துண்டுக்கு 'பிரிட்ஜ்=யெஸ்', 'லேயர்=1' கொடுங்கள். ஏறும் சரிவும் இறங்கும் சரிவும் சேரும் புள்ளிகள் நிஜச் சந்திப்புகள், அவற்றைப் பிரித்துவிடாதீர்கள்.

கவுண்டி எல்லையில் இதற்கு நேர் எதிரான கோளாறு. கவுண்டி கவுண்டியாக ஏற்றியதால் ஒரே சாலை எல்லையில் அறுந்து நிற்கும். அங்கே இரண்டு புள்ளிகளையும் தேர்ந்து எம் அழுத்தி ஒட்ட வேண்டும்.

6. ஏற்றுதல்

சரிபார்த்த சாலையிலிருந்து 'டைகர்:ரிவ்யூட்' டேக்கை நீக்குங்கள். 'யெஸ்' என்று மாற்ற வேண்டாம், நீக்குவதே வழக்கம். இடம், வகை, பெயர் மூன்றையும் பார்த்த பிறகுதான் நீக்க வேண்டும். பெயரை மட்டும் பார்த்துவிட்டு நீக்கினால் அடுத்தவர் அந்தச் சாலையை முடிந்ததாக நினைத்துத் தாண்டிப்போவார். டைகர் என்று தொடங்கும் மற்ற சில டேக்குகளை ஜேஓஎஸ்எம் தானே கழித்துவிடும், பயப்பட வேண்டாம். ஏற்றும்போது மூலம் என்ற இடத்தில் எந்தப் படம், எந்த ஆண்டின் டைகர் என்று எழுதுங்கள்.

பின்சேர்க்கை 1: புதிய டைகரில் சாலை இருக்கிறது, படத்தில் வெறும் புல்வெளி. படம் பழையதாக இருக்கலாம், அல்லது மனை பிரித்துக் காகிதத்தில் மட்டும் போட்ட சாலையாக இருக்கலாம். வேறு ஆண்டுப் படத்தில் தார் தெரிந்தால் வரையுங்கள், இல்லையென்றால் வரையாதீர்கள்.

பின்சேர்க்கை 2: கவுண்டியின் டைகர் ஷேப்கோப்பை (வரைபடத் தரவுக் கோப்பு) அப்படியே ஏற்றலாமா? கோப்புப் பெயரில் ஐந்திலக்கக் குறியீடு இருக்கும் (ஆஸ்டின் நகரம் உள்ள டிராவிஸ் கவுண்டிக்கு 48453). ஓபன்டேட்டா செருகுநிரல் இருந்தால் ஜேஓஎஸ்எம்மில் திறந்து பார்க்கலாம். ஏற்றக் கூடாது. மொத்தமாக ஏற்றுவது 'இம்போர்ட்'. அதற்கு உள்ளூர் வரைவோருடன் முன்கூட்டிப் பேசுவது, தனிக்கணக்கு என்று விதிகள் உண்டு. திறந்த அடுக்கைத் திருத்தும் அடுக்கோடு இணைத்துவிடாமல் தனியாக வைத்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.